உறவும் குருதிப் பொருத்தமும்

தானாடாவிட்டாலும் தன் தசையாடும் என்பது நம் முதுமொழி. தோட்டத்திலோ பட்டணத்திலோ ஒருவர் விபத்துற்று மலாக்கா மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டால், "என் இரத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று உடன்பிறந்தார் முன்வருவர். அந்த அன்பு மெய்யே. ஆயினும், உறவு வேறு. குருதிப் பொருத்தம் வேறு.

1901ஆம் ஆண்டில் வியன்னா நகர அறிஞர் கார்ல் லாண்ட்ஸ்டைனர் இதன் காரணத்தை விளக்கினார். குருதியின் செவ்வணுக்கள் மீது ஏ, பி என்னும் அடையாளப் பொருள்கள் உள. ஏ மட்டும் உடையோர் ஏ வகையினர். பி மட்டும் உடையோர் பி வகையினர். இரண்டும் இல்லாதோர் ஓ வகையினர். இரண்டும் உடைய ஏபி வகை அடுத்த ஆண்டில் அறியப்பட்டது. தம்மிடம் இல்லாத அடையாளத்தை எதிர்க்கும் பொருள் நம் குருதிநீரில் இயல்பாகவே இருக்கும். ஆகவே, ஏ வகையினர்க்குப் பி வகைக் குருதியைச் செலுத்தினால் அச்செவ்வணுக்கள் சிதையும், சிறுநீரகம் பழுதுறும், உயிரும் போகலாம். தந்தை ஏ, தாய் பி என்றால், பிள்ளைகள் நால்வர் நான்கு வகையினராகப் பிறத்தலும் கூடும்!

இதனால் ஆய்வுக்கூடத்தார் இருவழியாகச் சோதிக்கின்றனர். நோயாளியின் செவ்வணுக்களை எதிர்ப்பொருள்களோடு கலந்து, அவை திரள்கின்றனவா என்று காண்பது ஒன்று. அவரது குருதிநீரை வகை தெரிந்த செவ்வணுக்களோடு கலந்து காண்பது மற்றொன்று. இரண்டு முடிவுகளும் ஒத்துவர வேண்டும். 1940இல் அறிவிக்கப்பட்ட ஆர்எச் அடையாளமும் பார்க்கப்படும். இறுதியாக, கொடுப்பவரின் செவ்வணுக்களையும் பெறுபவரின் குருதிநீரையும் சேர்த்துப் பொருத்தம் பார்ப்பர்.

ஓ வகைச் செவ்வணுக்கள் எவர்க்கும் ஏற்கும் எனப் பலரும் கருதுவர். இதற்கும் விலக்கு உண்டு. 1952இல் பம்பாய் மருத்துவர் பெண்டேயும் அவர்தம் தோழர்களும் ஒரு புதுமையை வெளியிட்டனர். முதற்சோதனையில் ஓ வகையினர் போலவே தோன்றிய சிலரின் குருதிநீர், ஓ வகைச் செவ்வணுக்களையும் திரளச் செய்தது. ஏ, பி இரண்டிற்கும் அடிப்படையான எச் என்னும் பொருளே அவர்களிடம் இல்லை. பம்பாய் வகை எனப்படும் இது மிக அரிது. எனினும் இந்திய வழிவந்தோரிடையே ஏனையோரினும் மிகுதி. இவர்கட்குத் தம் வகையினர் குருதியே பொருந்தும். பெற்றோர் இருவர் வழியாகவும் வருவதாதலின், இவ்வகையை உடன்பிறந்தாரிடம் தேடுதல் பயன் தரும். அங்கும் முடிவு கூறுவது சோதனையே.

ஆய்வு எத்துணைச் செம்மையாயினும், குப்பியில் பெயர் மாறினால் அனைத்தும் வீண். ஒரே பெயருடையோர் பலர் வாழும் நம்மிடையே இது சிறு செய்தியன்று. குருதி எடுக்கும்போதும் ஏற்றும்போதும் முழுப்பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் ஒத்துப்பார்க்கச் சொல்வது நோயாளியின் உரிமை. இதனை ஆசிரியர்கள் மாணவர்க்கு உணர்த்தினால், அது வீடுதோறும் சென்று சேரும்.