நெய்தல் மீனும் மருத நீரும்

ஒரு நிலத்துக்குரிய பூவோ புள்ளோ வேறொரு நிலத்திற் காணப்படினும் அதனைக் குற்றமெனத் தொல்காப்பியம் தள்ளவில்லை. அவ்விதிக்கு இக்கால உதாரணம் வேண்டுவோர், அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் கரோலைனா மாநிலத்திலுள்ள மரியன், மோல்ற்றி என்னும் இரு வாவிகளை நோக்குவாராக. அங்கே கடல்மீன் ஒன்று நாட்டு நீருக்குக் குடிபெயர்ந்து வாழ்கின்றது.

அம்மீனை ஆங்கிலத்தில் ஸ்ட்ரைப்ட் பாஸ் என்பர். வெள்ளிபோல் ஒளிரும் அதன் விலாவில் ஏழெட்டுக் கருங்கோடுகள் தலைமுதல் வால்வரை ஓடுகின்றன. ஆதலின் வரிமீன் என நாம் வழங்குதல் பொருந்தும். 50 இறாத்தலுக்கு மேலும் வளரக்கூடிய இம்மீன் அத்திலாந்திக் கரையோரத்துக்குரியது. இளவேனிலில் ஆற்றினுள் ஏறி முட்டையிடும். அம்முட்டைகள் ஏறக்குறைய 2 நாள் ஓடும் நீரில் மிதந்து செல்லல் வேண்டும். நீர் ஓடாது நின்றால் அவை அடியில் தாழ்ந்து, சேற்றில் மூச்சடைத்து மாளும்.

மின்சாரத்தின் பொருட்டு, சான்ரீ, கூப்பர் என்னும் ஆறுகளைத் தடுத்து வாவிகளாக்கும் வேலை 1939இல் தொடங்கிற்று. 1941இல் நீர் தேங்கியது. 1942இல் மின்சாரம் பிறந்தது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன; ஆயிரக்கணக்கான கல்லறைகள் பெயர்க்கப்பட்டன. போர்க்கால அவசரத்தில் மரியன் வாவியின் பெரும்பகுதியில் மரங்களை வெட்டவும் அவகாசமிருக்கவில்லை. அவை நின்றவாறே நீரில் மூழ்கின.

அணைக்கு மேற்புறத்தே வரிமீன்கள் சில அகப்பட்டன. கடலை அடையாத மீன் பெருகாது என்றே பலரும் எண்ணியிருந்தனர். மீனோ பெருகிற்று! வாவிக்கு மேலே கொங்கரீ, வாட்டரீ என்னும் ஆறுகள் ஓடிக்கொண்டிருந்தமையே அதற்குக் காரணம். வேனில்தோறும் மீன்கள் அவற்றுள் ஏறி முட்டையிட்டன. முட்டைகள் நீரோட்டத்தில் மிதந்து பொரித்தன. 1961இல் மொங்க்ஸ் கோர்னர் என்னும் ஊரில் வரிமீன் குஞ்சுபொரிக்கும் நிலையம் ஒன்றை அம்மாநிலம் அமைத்தது. அங்கே ராபர்ட் ஸ்டீவன்ஸ் என்னும் அறிஞர், ஓமோன் ஊசியேற்றிச் சினைமீனின் முட்டைகளை உரிய பருவத்தில் முதிர்விக்கும் முறையைக் கண்டு, 1966இல் வெளியிட்டார். அதன்பின் பல மாநிலங்களின் நீர்த்தேக்கங்களில் வரிமீன் குஞ்சுகள் விடப்பட்டன. சிறையிலிருந்து தப்பிய குலம் நாடெங்கும் பரவியதெனலாம்.

இம்மீனை நம்பி ஒரு தொழிலும் பிறந்தது. வெளியூரிலிருந்து தூண்டிலோடு வருவோரைப் படகில் ஏற்றிச்சென்று, மீன் நிற்கும் இடத்தைக் காட்டுவோரே வழிகாட்டிகள். விடியுமுன் புறப்படுவர். சாளை இனத்துச் சிறுமீன்களை உயிர் நீங்காமல் தொட்டியிற் காத்து இரையாகக் கொள்வர். மூழ்கிய அடிமரம் எது, பழைய ஆற்றின் மடு எது என்பனவெல்லாம் அவர்க்கு மனப்பாடம். நீரடியைக் காட்டும் ஒலிக்கருவி இன்று படகுதோறும் உண்டு. ஆயினும் வானத்தை நோக்கும் வழக்கம் ஒழியவில்லை. வரிமீன் கூட்டம் சிறுமீன்களைத் துரத்தி மேலெழுப்புங்கால், கடற்காகங்கள் அவ்விடத்தே வட்டமிட்டுப் பாயும். பறவை காட்டுமிடத்துக்குப் படகு விரையும். ஆனால், ஓசை மிகுந்தால் மீன் கலையுமாதலின், அண்மையிற் பொறியை நிறுத்தித் தூண்டிலை வீசுவர்.

எனினும் இத்தொழிலின் கடினமான பாடம் மீனைப் பிடிப்பதிலன்று, பிடியாதிருப்பதிலேயே உள்ளது. கோடையில் மேல்நீர் கொதிக்கும். அடிநீரிலோ உயிர்வளி குன்றும். வளர்ந்த வரிமீன் இவ்விரண்டுக்கும் இடையே குளிர்ந்த இடம் தேடித் தவிக்கும். அப்போது தூண்டிலிற்பட்டுப் போராடிய மீனை அருள்கூர்ந்து நீரில் விட்டாலும், அது பெரும்பாலும் பிழைப்பதில்லை. நீந்திச் சென்றதைக் கண்டு விட்டவர் மனம் மகிழ்வார். மீனோ காணாவிடத்தே சாகும். ஆதலின் கோடை மாதங்களில் அங்கே வரிமீன் பிடித்தலைச் சட்டம் தடுக்கின்றது. பணம் தர ஆள் இருந்தும், மீன் நிற்குமிடம் தெரிந்தும், வழிகாட்டி அதனை நாடலாகாது. கெளிற்று மீனைத் தேடியேனும் அந்நாட்களைக் கழித்தல் வேண்டும்.

காலமறிதலுக்குத் திருவள்ளுவர் கொக்கினை உவமை கூறினார். கொக்கு காத்திருப்பது குத்துவதற்காக. அவ்வாவிக்கரை மனிதனோ, குத்தாமலிருப்பதற்காகவும் காத்திருக்கக் கற்கவேண்டியவனாயினான். ஆற்றை அடியோடு அடைத்திருந்தால் அந்த மீன் இல்லை. கோடையிலும் அவன் தூண்டிலை எறிந்தால் அவன் தொழிலும் இல்லை. ஓடவிட்ட நீரும் ஓயவிட்ட தூண்டிலுமே நெய்தல் மீனை மருத நீரில் வாழ்விக்கின்றன. அணை கட்டுவோரும் வலை வீசுவோரும் எந்நாட்டினராயினும், இதனைச் சிந்தித்தல் நன்று.