பாட்டி புடவையில குவில்ட்: கத்தரி வைக்கிறதுக்கு முன்னாடி

பாட்டியோட பழைய காட்டன் புடவைகளை வெட்டி குவில்ட் தைக்கப் போறீங்கன்னு வைங்க. தப்பா வெட்டினா அந்தப் புடவை திரும்பக் கிடைக்காது. அதனால ரெண்டு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க.

முதல்ல அளவு. ஒவ்வொரு ஓரத்திலும் கால் இன்ச் தையலுக்குள்ள போயிடும். தைச்ச பிறகு 4 இன்ச் சதுரம் வேணும்னா, 4½ இன்ச் வெட்டணும். ஒவ்வொரு துண்டும் வெறும் 1/16 இன்ச் பெருசாப் போனா? 12 துண்டு இருக்கிற வரிசை முக்கால் இன்ச் நீண்டுடும். பக்கத்து வரிசையோட சேராது. வெட்டின துண்டை வச்சு அடுத்ததை அளக்காதீங்க, தப்பும் சேர்ந்தே காப்பி ஆகும். ஒவ்வொரு தடவையும் ஸ்கேலை வச்சே அளங்க.

அடுத்தது அடுக்குறது. எல்லாத் துண்டையும் தரையில பரப்பி, டிசைன் சரியான்னு பாத்து, ஒரு போட்டோ எடுங்க. அப்புறம் ஒவ்வொரு வரிசையையும், இடது ஓரத்துத் துண்டு மேல வர்ற மாதிரி அடுக்கி, ‘வரிசை 3’னு சீட்டு எழுதி குண்டூசியால குத்திடுங்க. பாதியில நிறுத்திட்டு அடுத்த வாரம் வந்தாலும் குழப்பம் வராது.

கடைசியா ஒரு டெஸ்ட். வேஸ்ட் துணியில 3 சதுரம் வெட்டி, வரிசையா தைச்சு, அயர்ன் பண்ணி அளங்க. சரியா 12½ இன்ச் வரணும். வந்தா மட்டும் பாட்டி புடவையில கத்தரி வைங்க.