வான்வெளிப் பொறியியலைத் துணைப்பாடமாகக் கற்றல்

ஒரு துறையை முற்றக் கற்றல் வேறு. அத்துறையாரோடு உடனின்று தொழில் புரியும் அளவுக்குக் கற்றல் வேறு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பின்னையதன்பொருட்டு வகுத்த ஏற்பாடே துணைப்பாடம் என்பது. இயந்திரப் பொறியியலையோ மின்பொறியியலையோ முதன்மைப்பாடமாகப் பயிலும் மாணவன், வான்வெளிப் பொறியியலில் ஐந்தாறு பாடநெறிகளையும் உடன்கற்றுத் தேறலாம். நான்காண்டுப் பட்டப்படிப்பு ஏறக்குறைய 120 பாட அலகுகள் கொண்டதாயின், துணைப்பாடம் பெரும்பாலும் 15 முதல் 18 வரையான அலகுகளில் அடங்கும்.

ஆங்குக் கற்பன யாவை? காற்றுப் பாயுங்கால் சிறகில் ஏற்றவிசை எழுமாற்றை விளக்கும் காற்றியக்கவியல், எடை குறைந்தும் வலிமை குன்றாத உடலமைப்பை ஆராயும் கட்டமைப்பியல், தாரை எஞ்சினும் உரொக்கெற்றும் தரும் உந்துவிசை, பறக்கும் கலத்தின் உறுதிநிலை, விண்கலத்தின் சுற்றுப்பாதை என்பன அவற்றுட் சிறந்தவை. நுண்கணிதம், வகையீட்டுச் சமன்பாடுகள், பொறிமுறை ஆகியவற்றில் முன்னரே பயிற்சி பெற்றிருத்தல் இன்றியமையாதது.

இத்துணைச் சிறு கல்வியால் எய்தும் பயன் யாது எனச் சிலர் வினவுவர். அதற்கு இரு விபத்துக்கள் விடை பகரும்.

பிரித்தானியாவின் கொமெற் தாரை விமானங்கள் இரண்டு 1954ஆம் ஆண்டு சனவரியிலும் ஏப்பிரலிலும் நடுவானிற் சிதைந்தன. பாண்பரோ ஆய்வுநிலையத்தார் அவ்வகை விமானமொன்றின் உடலை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, உள்ளே அமுக்கத்தைப் பன்முறை ஏற்றியும் இறக்கியும் சோதித்தனர். உலோகம் களைப்புற்று, திறப்பொன்றின் மூலையில் வெடிப்புத் தோன்றி, உடல் பிளந்தது. ஒவ்வொரு பறப்பும் உலோகத்துக்கு யாது செய்கின்றதென்பதை உலோகவியலாரும் விமான அமைப்பாளரும் ஒருங்கே ஆராய வேண்டுமென்பதை உலகம் பெருவிலை கொடுத்துக் கற்றது.

1999ஆம் ஆண்டு செத்தெம்பர் 23ஆந் திகதி செவ்வாய்க் கோளை அணுகிய அமெரிக்க விண்கலமொன்று அழிந்தது. உந்துபொறிகளின் கணத்தாக்கைக் கணிக்கும் நிரலொன்று விடையை இறாத்தல் விசை அளவையில் தந்தது. அதனைப் பெற்றவர்களோ நியூற்றன் அளவையெனக் கொண்டனர். ஓர் இறாத்தல் விசை ஏறத்தாழ 4.45 நியூற்றன். அவ்வேறுபாட்டாற் பாதை பிழைத்தது. ஒருவர் தரும் எண்ணை மற்றவர் எதற்குப் பயன்படுத்துவர் என்பதை இருபாலாரும் அறிந்திருத்தல் வேண்டுமன்றோ?

அவ்வறிவைத் தருவதே துணைப்பாடத்தின் பயன். விமானத்துக்கு நிரல் எழுதுவோனும், உலோகக் கலவை ஆக்குவோனும், மின்கருவி அமைப்போனும் அயற்றுறையின் மொழியை ஓரளவேனும் உணர்வர்.

ஆயினும் அது முழுப்பட்டத்துக்கு ஈடாகாது. சிறகையும் எஞ்சினையும் தாமே வகுக்க விழைவோர் அத்துறையை முதன்மைப்பாடமாகவே கொள்ளல் தகும். துணைப்பாடத்துக்குச் செலவாகும் காலம் முதன்மைப்பாடத்துக்குரிய காலத்திலிருந்தே கழியும். ஆதலின் மேனாடு சென்று பயில விரும்பும் மாணவர், சான்றிதழில் ஒரு பெயர் மிகுதல் கருதாது, தாம் கற்கும் முதன்மைப்பாடம் வான்கலத்தின் எப்பகுதியைத் தொடுகின்றதென முதலில் ஆராய்ந்து, அப்பகுதிக்கு இயைந்த பாடநெறிகளையே தெரிந்துகொள்வாராக.