உங்களுக்குத் தெரியுமா? வண்டிக்கென்றே ஒரு வீடு!

■ இங்கிலாந்துப் பிரபுக்களின் மாளிகை வளவுகளில் குதிரை வண்டி நிறுத்தவே தனிக் கட்டடம் இருந்தது. வளைவு வாசல், அகன்ற இரட்டைக் கதவு. மேல்மாடியில் வைக்கோலும் வண்டிக்காரர் தங்கும் அறையும்.

■ வாசல் நிலையின் அடியில் சாய்வாக ஒரு கல் பதித்திருப்பார்கள். திரும்பும் சக்கரம் சுவரில் மோதாமல் விலக்கிவிடுவது அதுதான்.

■ குதிரை லாயத்துக்கும் வண்டி நிறுத்தும் இடத்துக்கும் இடையே சுவர் எழுப்பினார்கள். குதிரையின் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா வண்டியின் வார்னிஷையும் தோலையும் கெடுத்துவிடும்.

■ இங்கிலாந்தின் சாட்ஸ்வர்த் மாளிகைக்குக் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் பெயின் வடிவமைத்து 1760களில் எழுந்த லாயத்தில் 80 குதிரைகளுக்கு இடமிருந்தது.

■ இலங்கையில் கொழும்பு–கண்டி தபால் குதிரை வண்டி 1832இல் ஓடத் தொடங்கியது. வன்னிப் பாதையிலோ மாடுகள்தான். 1905 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் அரசாங்க வேலையேற்கப் போன ஆங்கிலேயர் லெனார்ட் வுல்ஃப், அனுராதபுரத்துக்கு அப்பால் காட்டு வழியைக் கடந்தது தபால் மாட்டு வண்டியில்.

■ நம் வண்டிகளுக்குத் தெருவோரத்தில் துணைநின்றவை மடம், கிணறு, தண்ணீர்த்தொட்டி, மாடுகள் உடம்பு உரசிக்கொள்ளும் ஆவுரோஞ்சிக்கல். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலுக்கு வண்டி கட்டிப் போன தலைமுறைக்கு இவற்றின் அருமை தெரியும். உங்கள் ஊரில் ஒன்றாவது மிஞ்சியிருந்தால், வீதி அகலிப்பில் அதைப் பெயர்த்தெறிய விடாதீர்கள்.