மணலில் ஒரு மாயம்!

திற்பரப்பு அருவியில் குளித்தபின் மணவாளக்குறிச்சி கடற்கரைக்கும் போய்ப் பாருங்கள். அங்குள்ள மணலில் மோனசைட் என்ற தாது கலந்திருக்கிறது. அதில் சீரியம் என்ற உலோகம் உண்டு. அது நோயைக் கண்டுபிடிக்க உதவுமாம்! எப்படி?

ரத்தத்தில் சர்க்கரையைச் சோதிக்க 'என்சைம்' என்ற பொருள்கள் பயன்படுகின்றன. சூடு பட்டால் அவை கெட்டுவிடும்.

2007-ல் சீன விஞ்ஞானிகள் ஓர் அதிசயம் கண்டார்கள். இரும்பு ஆக்சைடின் மிக நுண்ணிய தூள், என்சைம் ஒன்றின் வேலையைச் செய்தது! நிறமற்ற ரசாயன நீர் நீலமாயிற்று. நீலம் எவ்வளவு என்று பார்த்தே அளவைச் சொல்லலாம். சீரியம் ஆக்சைடு தூளுக்கும் இந்தக் குணம் உண்டு. இந்தத் தூள்கள் சூட்டில் எளிதில் கெடுவதில்லை.

ஆராய்ச்சி நடந்து வருகிறது. வெற்றி பெற்றால், குளிர்பெட்டி இல்லாத மலைக் கிராமத்திலும் சோதிக்கலாம். அதுவரை டாக்டரிடம் போகத் தவறாதீர்கள்!