பவழத் தீவில் நீரும் கழிவுநீரும் மின்விசையும்

மும்பையில் கிங்ஸ் சர்க்கிள் பகுதியில் வசிப்போரின் குழாய்களில் வரும் நீர், சுமார் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தான்சா, வைதரணா, பாத்சா முதலிய நீர்த்தேக்கங்களிலிருந்து கொண்டுவரப்படுவதாகும். அவர்களுடைய கழிவுநீர் நிலத்தடிக் குழாய்களின் வழியே கண்ணுக்கு மறைவாகச் சென்றுவிடுகிறது. மின்சாரம் பல மாநிலங்களை இணைக்கும் கம்பித் தொடரிலிருந்து கிடைக்கிறது. ஆகவே இம்மூன்றையும் மூன்று இலாகாக்களின் தனித்தனி அலுவல்களாகக் கருதுவது அங்கே பெரும் பிழையாகாது. அரபிக் கடலிலுள்ள லட்சத்தீவுகளில் அவ்வாறு கருதினால், ஒரு வசதியைச் செய்து கொடுக்கும்போதே மற்றொன்றைக் கெடுத்துவிட நேரும்.

லட்சத்தீவுகளில் மக்கள் குடியிருப்பவை பத்து. அவற்றுள் தலைநகரான கவரத்தியின் பரப்பு சுமார் 4 சதுர கிலோமீட்டர். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி அதன் ஜனத்தொகை 11,221. ஆறும் ஓடையும் அங்கே இல்லை. பெய்யும் மழை பவழ மணலில் ஊறி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நடுவில் தடித்தும் கரையோரங்களில் மெலிந்தும் இருப்பதால் இதனை ‘நன்னீர் வில்லை’ என்பர்.

இவ்வில்லையின் இயல்பைப் பாடான் கைபன் என்ற டச்சுப் பொறியாளரும், 1901இல் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் தனித்தனியே விளக்கினர். நன்னீரின் அடர்த்தி 1 என்றால் கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.025. ஆதலால், கடல் மட்டத்திற்கு மேல் நன்னீர் 1 பங்கு நின்றால், கீழே ஏறத்தாழ 40 பங்கு நிற்கும். நீரில் மிதக்கும் பனிக்கட்டியைக் காட்டி ஆசிரியர்கள் இதனை வகுப்பில் விளக்கலாம். கிணற்றின் நீர்மட்டம் கடல் மட்டத்திற்கு மேல் 10 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால், அடியில் 4 மீட்டர் நன்னீர் இருக்கக்கூடும். அந்த 10 சென்டிமீட்டரையும் இறைத்துத் தீர்த்து, அந்நிலையே நீடிக்குமானால், உப்புநீர் நாளடைவில் அந்த 4 மீட்டரையும் விழுங்கிவிடும். மெய்யான தீவுகளில் இரண்டிற்கும் இடையே திட்டவட்டமான எல்லை இல்லை. கடல் ஏற்றவற்றத்தினால் ஓரளவு கலப்பு நிகழ்ந்துகொண்டே இருக்கிறது. எனவே கணக்கு காட்டும் அளவைவிட நல்ல நீர் குறைவாகவே இருக்கும்.

வாளியால் இறைத்த காலத்தில் கிணற்றுக்கு இளைப்பாற நேரம் இருந்தது. மின்விசைப் பம்பு ஒரே இடத்தில் தொடர்ந்து உறிஞ்சும்போது, அதன் நேர் கீழே உப்புநீர் கூம்பு வடிவில் மேலெழுகிறது. மின்சாரம் வந்ததால் கிணறு உவர்க்கலாம் என்பது முதலில் வியப்பாகத் தோன்றும். ஆயினும் காரணம் இதுவே.

கழிவுநீரின் நிலை இன்னும் சிக்கலானது. சிறிய மனைகளில் கிணறும் மலக்குழியும் அருகருகே அமைகின்றன. பருத்த பவழ மணல் நீரை விரைவாகக் கடத்துமேயன்றி, களிமண் கலந்த நிலத்தைப்போல் நன்கு வடிகட்டாது. குழியில் கசிவது அதே வில்லையில் சேர்ந்து, நோய்க்கிருமிகளையும் நைட்ரேட்டையும் கிணற்றுக்குக் கொண்டுவருகிறது. அப்படியானால் பாதாளச் சாக்கடை அமைத்துவிடலாமே என்று நகரவாசிகள் கேட்பர். நீர்மட்டம் சில அடி ஆழத்திலேயே உள்ள மணலில் குழாய் பதிப்பது கடினம். அதை இயக்கப் பம்புகளும் மின்விசையும் வேண்டும். சுத்திகரிக்காமல் களப்பில் விட்டால் பாசி பெருகிப் பவழம் அழியும். தீவைத் தாங்கும் மணலைத் தருவது அப்பவழமே.

சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் கவரத்தியில் நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் குடிநீர் தரும் நிலையத்தை நிறுவியது. காற்றழுத்தம் மிகக் குறைந்த கலத்தில், சுமார் 28 டிகிரி வெப்பமுள்ள மேற்பரப்புக் கடல்நீரின் ஒரு பகுதி ஆவியாகிறது. சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாய்வழி ஏற்றப்படும் குளிர்ந்த நீர் அந்த ஆவியைக் குளிர்வித்து நன்னீராக்குகிறது. பவழத்தீவின் விளிம்பில் கடலடி செங்குத்தாக இறங்குவதால், கரைக்கு அருகிலேயே அத்தகைய ஆழம் கிட்டுகிறது. 2011இல் மினிக்காயிலும் அகத்தியிலும் இத்தகைய நிலையங்கள் அமைந்தன, நாளொன்றுக்கு 1.5 லட்சம் லிட்டர் தரும் கட்மத் நிலையம் 2024 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது.

இது பெருமைக்குரிய சாதனை. எனினும் 1 லட்சம் லிட்டரை 11,221 பேருக்குப் பங்கிட்டால் தலைக்குச் சுமார் 9 லிட்டரே வரும். குடிக்கவும் சமைக்கவும் அது போதும். குளிக்கவும் துவைக்கவும் கழிப்பிடத்திற்கும் கிணறுதான் துணை. நிலையம் வந்துவிட்டது என்று கிணற்றைக் கைவிடுவதற்கில்லை.

நிலையத்தின் பம்புகளுக்கும் மின்விசை வேண்டும். தீவுகளின் மின்சாரம் நெடுங்காலமாக, கப்பலில் வரும் டீசலையே நம்பியிருந்தது. மழைக்காலக் கொந்தளிப்பில் கப்பல் தாமதித்தால் விளக்கோடு குடிநீரும் தடைப்படும். டீசல் சேமிப்பிடத்தில் கசிவு ஏற்பட்டால் அதுவும் மணலின் வழியே வில்லையைத்தான் அடையும். கவரத்தியில் 2024இல் திறக்கப்பட்ட, மின்கல அடுக்குடன் கூடிய சூரிய மின் நிலையம் இந்நிலையைச் சற்றே மாற்றியுள்ளது. ஆனால் சூரியத் தகடுகளைப் பரப்புவதற்கும் நிலம் வேண்டும்.

ஆகவே மதிப்பீடு கிணற்றிலிருந்து தொடங்கவேண்டும். பல அறிக்கைகளில் இயந்திரங்களின் திறன் முதற்பக்கத்திலும் கிணறுகள் அனுபந்தத்திலும் இடம்பெறுகின்றன. இவ்வரிசையை மாற்றுவது நலம். களப்பணியாளர் ஒவ்வொரு கிணற்றிலும், கடல் ஏற்றத்தின்போதும் வற்றத்தின்போதும், நீர்மட்டத்தையும் உப்பின் அளவையும் குறிக்கவேண்டும். ஒரு வேளை மட்டும் அளந்த கணக்கு பயன்படாது. குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது. வேறு நீர் கிடைக்காவிடில் 1,000 வரை அனுமதிக்கப்படுகிறது. நைட்ரேட்டிற்கு எல்லை 45. ஹைட்ரஜன் சல்ஃபைடு புட்டிச் சோதனையில் நீர் ஓரிரு நாளில் கறுத்தால் மலக்கலப்பைச் சந்தேகிக்கலாம். பள்ளி மாணவர்களும் ஆசிரியரின் மேற்பார்வையில் இதனைச் செய்ய இயலும். கிணற்றிலிருந்து மலக்குழிக்குள்ள தூரம், பம்பின் குதிரைத்திறன், அது ஓடும் நேரம் ஆகியவற்றையும் அதே ஏட்டில் எழுதவேண்டும். மழைக்கு முன் ஏப்ரலிலும் மழைக்குப் பின் அக்டோபரிலும் அளவுகளை எடுத்து ஒப்பிட்டால், எந்தக் கிணறு மழையால் மீள்கிறது, எது மீளவில்லை என்பது புலப்படும். மீளாத கிணற்றின் பம்பை முதலில் நிறுத்தவேண்டும். குடிநீர்க் குழாயை முதலில் அந்த வீடுகளுக்கே கொண்டுசெல்லவேண்டும்.