நீளும் சன்னம், இறுகும் முறுக்கு

1840களின் கடைசியில் நுவரெலியாவில் பண்ணை போட்ட சாமுவேல் பேக்கர் யானை வேட்டைக்குத் தூக்கிப்போன துவக்கு ஒன்றின் எடை 21 இறாத்தல், அதாவது ஒன்பதரை கிலோ. பிரிஸ்டலில் துவக்குச் செய்யும் கிப்ஸிடம் சொல்லிச் செய்வித்தது. 36 அங்குலக் குழலுக்குள், சன்னத்தைச் சுழலவைக்கும் சுருள் தவாளிப்புகள் இரண்டே. வாயை எட்டுவதற்குள் அவை சரியாக ஒரு சுற்று வரும். 85 கிராம் உருண்டையும் 113 கிராம் கூம்புச் சன்னமும் அதே குழலில் போயின. செத்த யானைகளை நினைத்தால் துவக்கை மெச்ச மனம் வராது. குழலின் கணக்கை மெச்சலாம்.

தவாளிப்பு ஒரு முழுச்சுற்றை முடிக்க எடுக்கும் நீளமே முறுக்கு வீதம். உருண்டைக்கு மூக்கும் இல்லை, வாலும் இல்லை, புரண்டாலும் உருண்டைதான். நீண்ட சன்னத்தை மூக்குப் பக்கம் தள்ளும் காற்று கவிழ்க்கவே பார்க்கும். பம்பரம்போல் சுழன்றால்தான் அது நேராக நிற்கும். நீளம் கூடினால் சுழற்சியும் கூட வேண்டும்.

எவ்வளவு? 1879இல் வூலிச் பீரங்கிக் கல்லூரியின் கணிதர் கிரீன்ஹில் ஒரே வரியில் சொன்னார். சன்னத்தின் நீளம் அதன் விட்டத்தைப்போல் எத்தனை மடங்கோ, அதனால் 150ஐ வகுத்தால், முறுக்கு எத்தனை விட்டத்துக்கு ஒரு சுற்று என்பது வரும். புள்ளி 22 விளிம்புவெடி ரவையில், அதாவது ஊசி அடிவிளிம்பை நசுக்கியதும் பற்றிக்கொள்ளும் சின்ன ரவையில், வழக்கமான சன்னம் விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு நீளம். விடை 75 விட்டம், ஏறக்குறைய 17 அங்குலம். கடையில் கிடைக்கும் குழல்களில் பெரும்பாலானவை 16.

ஒலியை முந்தாத சன்னம் காற்றைக் கிழிக்கும் ‘படீர்’ ஓசையை எழுப்பாது. அந்த ஓசையைத் தவிர்க்க வேகத்துக்கு வரம்பு வந்துவிட்டதால் வலுவைக் கூட்ட எடையை ஏற்றுகிறார்கள். விட்டம் மாறாது, ஆகவே ஈயம் நீளவாக்கில்தான் வளர முடியும். மெக்சிகோவின் அகுய்லா நிறுவனம் வழக்கமான 40 கிரெய்னுக்குப் பதில் 60 கிரெய்ன், அதாவது 3.9 கிராம் சன்னத்தைச் செய்கிறது. 16 அங்குல முறுக்கில் அது தடுமாறும். இலக்குத் தாளில் வட்ட ஓட்டைக்குப் பதில், சன்னம் பக்கவாட்டில் புகுந்த நீளக் கிழிசல் தெரியும். அதற்கு 9 அங்குல முறுக்கையே தேடுகிறார்கள். விநாடிக்கு 290 மீற்றர் வேகத்தில் அந்தக் குழலைவிட்டு வரும்போது சன்னம் விநாடிக்கு ஏறக்குறைய 1,270 சுற்றுச் சுழலும்!

வேகம் குறைந்ததால்தான் தடுமாற்றம் என்று நினைக்கத் தோன்றும். வேகம் பாதியானால் சுழற்சியும் பாதிதான். ஆனால் கவிழ்க்கும் காற்றுவிசை கால்வாசியாகிவிடுகிறது. உறுதி சுழற்சியின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் இரண்டும் கழிபட்டுப்போகும். கிரீன்ஹில்லின் வரியில் வேகமே இல்லாததன் இரகசியம் இதுதான்.

மலைநாடு இந்தக் கணக்கில் இரண்டு இடத்தில் கைவைக்கிறது. ஒலியின் வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை: 30 பாகை கொழும்பில் விநாடிக்கு 349 மீற்றர், 16 பாகை நுவரெலியாவில் 341. கொழும்பில் ஓசையில்லாமல் போகும் 345 மீற்றர் ரவை நுவரெலியாவில் ‘படீர்’ என்னும். மற்றது காற்றின் அடர்த்தி. நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்தில் அது கொழும்பைவிட 15 சதவீதமளவு குறைவு. கவிழ்க்கும் விசையும் அப்படியே. அதனால் சன்னத்தின் உறுதி 18 சதவீதம் ஏறுகிறது. ஆனால் முறுக்கை 16இலிருந்து 9 அங்குலமாக இறுக்கினாலோ உறுதி மூன்று மடங்குக்கு மேல்.